பால் கணக்கும் பறந்த கணக்கும்!

"மாப்ளே... நான் கிளம்புனது பதிமூணாந் தேதியா, பதினெட்டாந் தேதியா?"

2017 ஜூலை மாதம். காரியாபட்டியில் மாமா வீட்டுத் திண்ணை. மாமா கையில் ஒரு பாஸ்போர்ட், மடியில் ஒரு பாஸ்போர்ட், வாயில் வெற்றிலை. எதிரே திறந்து கிடக்கிறது ஒரு தகரப் பெட்டி.

"எந்த மாசம் மாமா?"

"போன டிசம்பருப்பா."

"ஏழு மாசத்துக்கு முந்தினது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஒன்ட்ட ஏன்டா கேக்கப் போறேன்?"

நியாயம்தான்!

எங்கள் ஊர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்து விடுவார்கள். மழை பெய்தால் பருத்தி, சோளம், மல்லி. பெய்யாவிட்டால் சீமைக் கருவேலம். அதனால்தான் எங்கள் ஆட்கள் மழைக்காக மட்டும் வானத்தைப் பார்ப்பதை நிறுத்தி, ஏரோப்ளேனுக்காகவும் பார்க்க ஆரம்பித்தார்கள். துபாய், மஸ்கட், சிங்கப்பூர், மலேசியா... தெருவுக்கு ரெண்டு பேராவது இருப்பார்கள். மதுரை விமான நிலையம் காரியாபட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். என்ன, எங்கள் ஆட்கள் பலர் அந்த வாசலைத் தாண்டிச் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏறிப்போய்த்தான் வளைகுடா விமானத்தைப் பிடித்தார்கள். மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானம் என்று ஒன்று கிளம்பியதே 2012-ல்தான், அதுவும் கொழும்புக்கு!

மாமா முதன்முதலில் பறந்தது 1995-ல். எலக்ட்ரீசியன். அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, 'ஆகாய விமானப் பயணக் கணக்கு' என்று அட்டையில் எழுதிவிட்டார். தேதி, ஏறிய ஊர், இறங்கிய ஊர், விமானம், நம்பர், எத்தனை மணி நேரம். அவ்வளவுதான். ஊரில் இதைக் கேலி பண்ணாத ஆள் கிடையாது. "டவுன் பஸ்ஸுக்கும் நோட்டு போடுவீகளாண்ணே?" என்பார்கள். மாமா அசரவில்லை.

அந்த நோட்டு ஒரு நாள் அவர் குடுமியையே பிடிக்கும் என்று யார் கண்டது?

விஷயம் இதுதான். மதுரையில் ஆடிட்டர் கேட்ட ஒரே கேள்வி: "2016 ஏப்ரலிலிருந்து 2017 மார்ச் வரை, இந்தியாவில் மொத்தம் எத்தனை நாள் இருந்தீங்க?"

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மாள், ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்துவிட்டால் வருமான வரிச் சட்டப்படி அவர் உள்நாட்டுக்காரர். அப்போது வளைகுடாவில் வாங்கிய சம்பளத்துக்கும் இங்கே கணக்குச் சொல்ல வேண்டி வரலாம். குறைவாக இருந்தால் வெளிநாட்டுவாசி. அந்தச் சம்பளம் பக்கம் வரிக்காரர்கள் வரமாட்டார்கள். (இது மாமாவின் வருஷத்து விதி. 2020-ல், இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிற சிலருக்கு வரம்பை 120 நாளாகக் குறைத்தார்கள். உங்கள் கதைக்கு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். என்னை நம்பி இறங்க வேண்டாம்!)

மற்ற வருஷமெல்லாம் மாமாவுக்குப் பிரச்னையே இல்லை. வருவார், நாற்பத்தைந்து நாள் இருப்பார், போவார். அந்த வருஷம் மட்டும் பழைய கம்பெனி கணக்கை முடித்து, புது விசாவுக்குக் காத்திருந்து, நடுவில் தாத்தாவுக்கு உடம்புக்கு முடியாமல் ஓடி வந்து, மூன்று தடவை வந்து மூன்று தடவை போயிருக்கிறார். நோட்டைக் கூட்டினால் 184. அதாவது மூன்று நாள் வித்தியாசத்தில் ஒரு வருஷத்துச் சம்பளமும் வரிக் கணக்குக்குள் வந்துவிடலாம்!

"பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கலாமே?" என்றேன்.

பார்த்தோம். டிசம்பர் மாதம் சென்னையில் வெளியேறிய முத்திரை... மை தீர்ந்த நேரத்தில் குத்தியிருக்கிறார்கள். முதல் எண் ஒன்று. அடுத்தது மூன்றா எட்டா என்று அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். பதிமூன்று என்றால் தப்பித்தோம். பதினெட்டு என்றால் ஐந்து நாள் கூடுதல்.

"நோட்டுல பதினெட்டுன்னுதானே மாமா போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"எதை வெச்சுப் போட்டீங்க?"

மாமா தலையைச் சொறிந்தார். "தாத்தா படுத்த படுக்கையா இருந்த நேரம். அன்னைக்கு எங்க எழுத? அங்க போயி ரெண்டு மாசம் கழிச்சு பாஸ்போர்ட்டப் பாத்துத்தான் எழுதுனேன்."

புரிகிறதா கூத்து? மங்கிய முத்திரையைப் பார்த்து நோட்டு எழுதியிருக்கிறார். இப்போது முத்திரை புரியவில்லை என்று நோட்டைப் பார்க்கிறார். திருடனுக்குத் தேள் சாட்சி, தேளுக்குத் திருடன் சாட்சி!

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை மொய் நோட்டு வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். கல்யாண வீட்டு வாசலில் மேஜை போட்டு, பணம் கை மாறுகிற அந்த நிமிஷத்திலேயே ஊர், பேர், தொகை எழுதுகிறோம். யாராவது "பந்தியெல்லாம் முடியட்டும், ராத்திரி வீட்டுக்குப் போய் யோசிச்சு எழுதிக்கலாம்" என்று சொல்வார்களா? சொன்னால் அந்தக் குடும்பம் அடுத்த தலைமுறைக்கும் சண்டை போடும். விமானக் கணக்கும் அதே ஜாதி. இறங்கி, பெட்டிக்காகக் காத்திருக்கிற இருபது நிமிஷத்தில் எழுதினால் உண்டு.

"சரி, போர்டிங் பாஸ் இருக்கா?"

அதற்குத்தான் தகரப் பெட்டி. மாமா ஒரு துண்டையும் தூக்கிப் போட்டதில்லை. எடுத்துப் பார்த்தால்... எல்லாம் வெள்ளை வெளேர். பழைய காலத்து டிக்கெட் சிவப்புக் கார்பன் வைத்த புத்தகம். விரலில் ஒட்டினாலும் இருபது வருஷம் நிற்கும். 1995 டிக்கெட்டில் இன்னும் எழுத்து அப்படியே இருக்கிறது. உலகம் முழுக்கக் காகித டிக்கெட்டுக்கு 2008 ஜூன் முதல் தேதியோடு மங்களம் பாடிவிட்டார்கள். இப்போது கவுன்ட்டரில் நீட்டுகிற சீட்டு பல இடங்களில் சூட்டில் எழுத்து வருகிற காகிதம், ஏ.டி.எம். சீட்டு மாதிரி. வெளிச்சமும் வெக்கையும் பட்டால் அதோகதி. காரியாபட்டி வெயிலில், தகரக் கொட்டகையில், தகரப் பெட்டிக்குள் வைத்தால் ஏழு மாதம் தாங்கினால் அதிசயம். அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்திருந்தால், இல்லை போனில் ஒரு போட்டோ பிடித்திருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் நானும் மாமாவும் அந்த நோட்டை முதல் வரியிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தோம். சும்மா சொல்லக் கூடாது, ஒரு மனிதன் நேர்மையாக எழுதிய நோட்டில் இத்தனை தப்பு இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

முதல் வரியே தகராறு. திருவனந்தபுரத்தில் காலை 6 மணிக்கு ஏறி, துபாயில் 8.30-க்கு இறங்கியிருக்கிறார். 'பறந்த நேரம்: இரண்டரை மணி' என்று எழுதி அடிக்கோடு வேறு. துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. ஆக, ஆனது நாலு மணி. திரும்பி வரும்போது ராத்திரி 10-க்கு ஏறி விடியற்காலை 3.30-க்குச் சென்னை, நோட்டில் ஐந்தரை மணி. அதுவும் நாலு மணிதான். போகிறபோது ஒன்றரை மணி லாபம், வருகிறபோது நஷ்டம் என்று இருபது வருஷமாக நினைத்துக் கொண்டிருக்கிறார் மனுஷன்!

"பைலட் வேகமா ஓட்டிருப்பான்னு நெனச்சேன் மாப்ளே."

பைலட்டுகள் இந்தக் குழப்பத்துக்கே போவதில்லை. உலகத்துக்கெல்லாம் பொதுவான கிரீன்விச் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பறந்த மணிக்கணக்கு நோட்டு பொழுதுபோக்கு இல்லை. லைசென்ஸுக்கே அதுதான் ஆதாரம். 2011-ல் பொய் மார்க் ஷீட்டும் பொய் மணிக்கணக்கும் காட்டி லைசென்ஸ் வாங்கிய சிலர் கைதானதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பயணிகளான நமக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஏறிய ஊர் மணியையும் இறங்கிய ஊர் மணியையும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி எழுதி, இது எந்த ஊர் மணி என்று பக்கத்தில் குறித்தால் போதும்.

ஆனால் ஊர்க் கடிகாரமும் நிலையாக இருந்தால்தானே? இலங்கையை எடுத்துக் கொள்ளுங்கள். இன்று நமக்கும் அவர்களுக்கும் ஒரே மணி. 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினார்கள். அந்த வருஷ அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு வந்தார்கள். நடுவில் கொழும்பு போய் வந்தவர் இன்றைய கணக்கை வைத்துக் கூட்டினால் உதைக்கும். மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 பிறந்தபோது அரை மணி தள்ளி வைத்துக் கொண்டன. அதற்கு முன்னால் நமக்கும் அவர்களுக்கும் ரெண்டு மணி வித்தியாசம், பிறகு ரெண்டரை.

அடுத்தது ஊர்ப் பெயர். விமானக் கம்பெனிகள் ஊரை மூன்றெழுத்தில் சுருக்குகின்றன. சென்னை என்று 1996-லேயே பெயர் மாற்றியாகிவிட்டது. பெட்டியில் ஒட்டுகிற சீட்டில் இன்னும் எம்.ஏ.ஏ. - பழைய மெட்ராஸ்தான். பம்பாய் இன்னும் பி.ஓ.எம். மதுரை ஐ.எக்ஸ்.எம். இதில் மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், கடைசி எழுத்தில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. நான் அவசரத்தில் ஐ.எக்ஸ்.ஈ. என்று தட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் படத்தில் மாமா மங்களூரில் இறங்கினார். திருவனந்தபுரம் டி.ஆர்.வி., திருச்சி டி.ஆர்.இசட். அதிலும் ஒரு எழுத்து பிசகி, 1999-ல் மாமாவைத் திருச்சியில் இறக்கிவிட்டேன்.

"நான் எப்படா திருச்சி போனேன்? ஒங்க அத்தை கேட்டா வேற வம்பு!"

இதைவிடக் குசும்பு, ஏர்போர்ட்டே இடம் மாறுவது. பெங்களூரில் 2008 மே மாதம் பழைய எச்.ஏ.எல். ஏர்போர்ட்டை விட்டுத் தேவனஹள்ளிக்குப் போனார்கள். அதே வருஷம் மார்ச்சில் ஹைதராபாத் பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாத்துக்கு. மூன்றெழுத்துச் சுருக்கமும் கூடவே மூட்டை கட்டிக் கொண்டு போய்விட்டது. 2001-ல் பெங்களூர் போனதாகத் தட்டினால், அப்போது திறக்காத தேவனஹள்ளியில் இறங்கியதாகக் காட்டும் கம்ப்யூட்டர். சுருக்கத்தை மட்டும் நம்பாமல் ஏர்போர்ட் பெயரையும் எழுத வேண்டும் என்பது இதற்குத்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. மாமாவின் முதல் பாஸ்போர்ட்டில் காமராஜர் மாவட்டம். அடுத்ததில் விருதுநகர் மாவட்டம். 1997-ல் பெயரை மாற்றினார்கள். மாமா அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்! விமானக் கம்பெனிகளும் அப்படித்தான். இந்தியன் ஏர்லைன்ஸ் இப்போது ஏர் இந்தியாவுக்குள் போய்விட்டது. ஏர் லங்கா ஸ்ரீலங்கன் ஆனது. கிங்ஃபிஷர் 2012-லும் ஜெட் ஏர்வேஸ் 2019-லும் நின்றன. நோட்டில் அன்று என்ன பெயரோ அதைத்தான் எழுத வேண்டும். இன்றைய பெயரை ஏற்றிவிட்டால் பழைய டிக்கெட்டோடு ஒத்துப் பார்க்கவே முடியாது.

இன்னொரு தப்பு எல்லோரும் செய்வது: டிக்கெட்டைப் பார்த்து எழுதுவது. டிக்கெட் என்பது போக நினைத்த கணக்கு. ஒரு தடவை மாமா சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறி, மழையில் இறங்க முடியாமல், விமானம் மறுபடி சென்னைக்கே திரும்பியிருக்கிறது. பிறகு காரில் வந்தார். நோட்டில் 'சென்னை - மதுரை' என்று போட்டு நிம்மதியாக மூடிவிட்டார். போகவே இல்லையே ஐயா! அதே போல, ஒரே நம்பர் விமானம் நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறினால் அது ரெண்டு வரி. ஒரே விமானத்தை ரெண்டு கம்பெனி ரெண்டு நம்பரில் விற்றால் அது ஒரே வரி. எந்தக் கம்பெனி ஓட்டியதோ அந்தப் பெயர்.

வாலுக்குப் பக்கத்தில் வி.டி. என்று ஆரம்பித்து ஐந்து எழுத்து இருக்கும். விமானத்தின் நம்பர் பிளேட். அதையும் குறிக்கிறவர்கள் உண்டு. மாமா குறிக்கவில்லை. அந்தக் காலத்து ஏர் இந்தியா ஜம்போக்களுக்குச் சக்கரவர்த்திகளின் பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று ராஜேந்திர சோழன். "நம்ம ராஜாவோட ப்ளேன்ல போனோமா இல்லையான்னே தெரியாமப் போச்சே" என்று மாமாவுக்கு அன்று வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இதெல்லாம் ரசமாகத்தான் இருந்தது. டிசம்பர் விவகாரம் மட்டும் அப்படியே நின்றது.

"புயல் அடிச்சு மெட்ராஸ்ல மரமெல்லாம் விழுந்து கெடந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் மாமா.

வர்தா புயல். 2016 டிசம்பர் 12-ம் தேதி சென்னையை அடித்தது. அன்று ஏர்போர்ட்டையே மூடிவிட்டார்கள். அப்படியானால் பதிமூன்று பொருந்துகிறது. ஆனால் விழுந்த மரம் ஒரு வாரமும்தான் கிடந்தது. பதினெட்டும் பொருந்துகிறதே!

அப்போதுதான் அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்கள்.

"மருமகனே, பால் கணக்கப் பாத்தா ஆகாதா?"

"என்னது?"

"ஒங்க மாமா வந்தா ஒன்றரை லிட்டர் வாங்குவேன். போயிட்டா ஒரு லிட்டரு. மாசா மாசம் எழுதி வச்சிருக்கேன்ல!"

பால்காரருக்கும் அத்தைக்கும் ஒரு காலத்தில் நடந்த சண்டையில் பிறந்த நோட்டு அது. பழைய காலண்டர் தாளைத் தைத்தது. தினமும் காலை, மாலை ரெண்டு வேளையும், பால் ஊற்றின கையோடு எழுதியது. டிசம்பர் 13 காலை வரைக்கும் முக்கால் முக்கால் லிட்டர். அன்று சாயங்காலத்திலிருந்து அரை லிட்டர். மாமா விடியற்காலையில் காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார்!

வருமான வரிக்காரர்களிடம் பால் கணக்கை நீட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் எங்கே தேடுவது என்று அது காட்டிக் கொடுத்தது. கிளம்பிய ஊரில் குத்திய முத்திரை மங்கினால் என்ன, போய் இறங்கிய ஊரிலும் ஒன்று குத்தியிருப்பார்களே? பாஸ்போர்ட்டில் எட்டு பக்கம் தள்ளி, தலைகீழாக, பளிச்சென்று இருந்தது: டிசம்பர் 14. விமானம் நள்ளிரவு 12.40-க்கு. கவுன்ட்டரைத் தாண்டியது 13-ம் தேதி ராத்திரி, பறந்தது 14. நம் ஊரில் விடிந்தால்தான் அடுத்த நாள். ஏர்போர்ட்டில் பன்னிரண்டு அடித்தாலே அடுத்த நாள். '14-ம் தேதி 00.40' என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு, 14-ம் தேதி ராத்திரி சாவகாசமாகப் போய் நின்று, விமானத்தைக் கோட்டைவிட்ட ஆட்கள் எங்கள் பக்கத்திலேயே உண்டு.

ஆடிட்டர் ரொம்பக் கறாரான பேர்வழி. வந்த நாளையும் கூட்டினார், போன நாளையும் கூட்டினார். (ரெண்டையும் சேர்க்க வேண்டுமா என்பதில் தீர்ப்புகளே ஒன்று போல இல்லையாம். அதனால் விளிம்பில் நிற்காதே என்பது அவர் கட்சி.) நள்ளிரவு தாண்டிப் பறந்த நாளையும் விடவில்லை. அப்படியும் 180. மாமா தப்பித்தார்.

இந்தக் கதையை மூன்று வருஷம் கழித்து நான் அடிக்கடி நினைத்துக் கொண்டேன். 2020 மார்ச் 23 முதல் வெளிநாட்டு விமானப் போக்குவரத்தை நிறுத்தினார்கள் அல்லவா, அப்போது லீவில் வந்து மாட்டிக் கொண்ட வளைகுடா ஆட்கள் எத்தனையோ பேர். நாள் கணக்கு அவர்களுக்கெல்லாம் கழுத்தில் கத்தியாக வந்தது. மார்ச் 22-க்கு முன்னால் வந்து திரும்ப முடியாதவர்களுக்கு அந்த மாதக் கடைசிப் பத்து நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மே மாதம் அரசு சுற்றறிக்கை போட்டது. வந்த தேதி கையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கனடாவில் குடியுரிமை கேட்கிற நம் தமிழர்களும் ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும். வெளியே போன ஒவ்வொரு பயணத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஹாங்காங் மாதிரி சில இடங்களில் 2013 முதல் முத்திரை குத்துகிற வழக்கமே இல்லை. எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆடிட்டர் கேட்டார் என்பதற்காகக் கம்ப்யூட்டரில் 'ஊரில் இருந்த நாள்' என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருந்தேன். வேலை முடிந்து மூடப் போகிற நேரத்தில் அத்தை காபியோடு வந்து நின்றார்கள்.

"அந்த ஒரு வருசத்துக்கு மட்டுந்தான் கூட்டுமா அது? மொத்தமும் கூட்டுமா?"

"கூட்டும் அத்தை."

"எங்க கல்யாணத்துல இருந்து கூட்டுங்க."

கல்யாணம் 1997-ல், மாமாவின் முதல் லீவில். ஒரு தட்டு தட்டினேன். 932 என்று வந்தது.

"அப்படின்னா எத்தனை வருசம்?"

"ரெண்டரை வருஷம் அத்தை."

"இருவது வருசத்துலயா?"

மாமா பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தார். புரட்டுவதற்கு அதில் ஒன்றும் பாக்கி இல்லை.

"தப்பாக் கூட்டியிருக்கும். இன்னொருக்க கூட்டுங்க" என்றார்கள் அத்தை.

கூட்டினேன். அதே 932.

அத்தை டம்ளரை எடுத்துக் கொண்டு உள்ளே போய்விட்டார்கள். மாமா ரொம்ப நேரம் வெற்றிலை போடவில்லை.

2019-ல் மாமா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். நோட்டு இன்னும் இருக்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில் வந்த தேதி, மணி, விமான நம்பர், ஏர்போர்ட் பெயர் எல்லாம் கச்சிதமாக மாமா கையெழுத்தில். 'திரும்பிப் போகும் தேதி' என்ற கட்டத்தில் மட்டும் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு.

அது அத்தை பேனா. பால் கணக்கு எழுதுகிற அதே பச்சை மை!